மகரக்கட்டு உடைந்தபின் எழுந்த குரல்: பி. யு. சின்னப்பாவின் தொடக்ககாலப் பாடல்கள்

பல ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஞாயிறு ஆராதனையில் மதுவின் கேட்டைக் குறித்துப் பேச நேர்ந்தது. சபையாருக்கு அறிமுகமான எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்று கருதி, அம்மண்ணின் மைந்தராகிய நடிகர் பி. யு. சின்னப்பாவின் பெயரைச் சொன்னேன். புகழின் உச்சியில் இருந்தவர், செல்வத்தில் புரண்டவர், 35 வயதில் மறைந்தார் என்றேன். அவர் வாழ்வைக் குறுக்கியது குடிப்பழக்கம் என்று பலரும் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துரைத்தேன். சபை அமைதியாகக் கேட்டது. நானும் மனநிறைவோடு இறங்கினேன்.

ஆராதனை முடிந்தபின், சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். இளமையில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசித்தவர் அவர். “ஐயா, சின்னப்பா செத்ததைச் சொன்னீங்க. சரிதான். அவர் பாடினதைக் கேட்டிருக்கீங்களா?” என்றார். நான் கேட்டதில்லை. அதை ஒப்புக்கொண்டேன். “மகரக்கட்டு உடைஞ்சு போன பையன் பாடின பாட்டு ஐயா அது” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆர்மோனியத்தை மூடி உறையிடப் போய்விட்டார்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் ஒரு மனிதனின் சாவை அறிந்து, அவனது வேலையை அறியாமல் அவனைக் குறித்துப் பேசியது தவறு என்பது எனக்கு விளங்கிற்று. அதன்பின் சின்னப்பாவின் பாடல்களைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். அவற்றுள்ளும் 1936 முதல் 1942 வரை வெளிவந்த படங்களின் பாடல்களே என்னை மிகுதியும் ஈர்த்தன. முதியவர் சொன்ன ஒற்றைத் தொடரின் பொருளை அப்பாடல்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மேடை உருவாக்கிய குரல்

சின்னப்பா 1916ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் நாடக நடிகரே. வறுமை காரணமாகப் பள்ளிப் படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றது. சிறுவனாகக் கயிறு திரிக்கும் வேலைக்கும் அவர் போனதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிறகு பாலர் நாடக சபைகளில் சேர்ந்தார். அவற்றுள் அவருக்குப் பெயர் தேடித் தந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அவரினும் சில மாதங்கள் இளையவரான எம். ஜி. ராமச்சந்திரனும் அக்கம்பெனியில் இருந்தவரே.

பாலர் சபை என்னும் அமைப்பைக் குறித்து இங்கே ஒரு சொல் கூறவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற அமைப்புகளில், சிறுவர்களே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏற்று விடிய விடிய நடித்தனர். பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. கூடவே கடும் ஒழுங்கும் கிடைத்தது. அவர்களிடமிருந்து சபை பெற்றது பெரும்பாலும் அவர்களது தொண்டையையே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், தரையில் அமர்ந்திருக்கும் கடைசி மனிதனுக்கும் சொல் கேட்கவேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, அவற்றுக்கு மேலே குரல் எழவேண்டும். நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடியது அதனால்தான். பாடுவோரின் பெருமைக்காக ஏற்பட்டதன்று அவ்வழக்கம். கொட்டகையின் நீளம் கேட்ட விலை அது.

அத்தகைய மேடையில் ஒரு சிறுவனுக்கு நேரக்கூடிய பெருங்கேடு மகரக்கட்டு உடைவது. பருவம் வருகையில் பிள்ளைக்குரல் உடைந்து கரகரத்துப் போவதையே நாடகக்காரர் அவ்வாறு சொல்வர். நேற்று வரை கைதட்டல் வாங்கிய பையனுக்கு இன்று சுருதி நிற்காது. சிலருக்குக் குரல் மீளும், பலருக்கு மீளாது. மீளாதவன் எடுபிடி வேலைக்குப் போவான். அல்லது ஊருக்குத் திரும்புவான். ‘பாதுகா பட்டாபிஷேக’த்தில் பரதனாக நடித்துப் பாராட்டுப் பெற்ற சின்னப்பாவுக்கும் அந்நாள் வந்தது. குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்கே அவர் திரும்பினார்.

அவரது இசைவாழ்வின் தொடக்கமாக நான் கருதுவது இத்தோல்வியையே. ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. ஆசிரியர்களிடம் முறையாக இசை பயின்றார். சிலம்பமும் எடைதூக்குதலும் பழகி உடலை உரமாக்கினார். பிறகு ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட்டாக மீண்டும் மேடையேறினார். இயற்கை கொடுத்த குரல் போய்விட்டது. உழைப்பால் ஆன வேறொரு குரலை அவர் கட்டிக்கொண்டார். அவரது பாடல்களைக் கேட்கும்போது நாம் செவிமடுப்பது இந்த இரண்டாம் குரலையே. அதில் பிள்ளைமையின் எளிய இனிமை இல்லை. நெஞ்சிலிருந்து தள்ளி எழுப்பப்படும் கனமும், சற்றே இறுகிய உச்சமும் உண்டு. ‘மகரக்கட்டு உடைஞ்சு போன பையன் பாடின பாட்டு’ என்று முதியவர் சொன்னதன் முதற்பொருள் இதுவே.

2. தொலைவிலிருந்து ஓர் ஒப்புமை

இவ்வகை நிகழ்ச்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எர்னஸ்ட் டப் (1914–1984) என்ற பாடகர் வாழ்ந்தார். மது விற்கும் நடனக்கூடங்களுக்கு அங்கே ‘ஹாங்கி டாங்க்’ என்று பெயர். அக்கூடங்களில் வளர்ந்த நாட்டுப்புறப் பாட்டுமுறைக்கு வழிவகுத்தவர்களுள் டப் ஒருவர். அவருடைய முதல் இசைத்தட்டுகள் பதிவானது 1936இல். சின்னப்பாவின் முதற்படமாகிய ‘சந்திரகாந்தா’ வெளிவந்ததும் அதே ஆண்டில். டப்பின் முதல் பாடல்கள், 1933இல் 35 வயதில் மறைந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகரை அடியொற்றியவை. ராட்ஜர்ஸைப் போலக் குரலை உடைத்து உச்சத்துக்குத் தாவும் பாணியிலேயே அவரும் பாடினார். 1939இல் தொண்டைச் சதையை அறுவை செய்து நீக்கியபின் அப்பாணி அவருக்குக் கைவரவில்லை. வேறு வழியின்றித் தாழ்ந்த, நேரடியான, பேச்சோடு ஒட்டிய ஒரு முறையில் பாடத் தொடங்கினார். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி 1941இல் மின்கிதாரையும் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகே அவர் டப் ஆனார்.

சின்னப்பாவுக்கும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் மறைந்தார். எட்டாத சுருதியிலும் இழையும் அவரது குரலை நாடகப் பாடகர் அனைவரும் அளவுகோலாகக் கொண்டனர். மகரக்கட்டு உடைந்த ஒருவனால் அக்குரலைப் பின்பற்ற இயலாது. டப்பைப் போலவே சின்னப்பாவும் இழந்ததைப் போலி செய்யாமல், எஞ்சியதைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார்.

இருவரிடத்தும் காணும் இரண்டாவது ஒற்றுமை, பாடும் இடமே பாட்டின் முறையை முடிவு செய்தது என்பது. இதை உணராமல் ‘சத்தம் போட்டுப் பாடுகிறார்’ என்று சின்னப்பாவைக் குறை கூறுவது, திறந்தவெளியில் பிரசங்கிப்பவரை அறைக்குள் அமர்ந்து குறை கூறுவதற்கு ஒப்பாகும். ஒலிபெருக்கி வருமுன் நம் கன்வென்ஷன் கூட்டங்களில் போதித்தோரின் குரலும் இவ்வாறே உருவாயிற்று என்பதை மூத்த அருட்பணியாளர் அறிவர்.

3. ஊரின் தாளம்

சின்னப்பாவிடம் குரலினும் ஒருபடி மேலானது அவரது தாள உணர்வு. இதில் அவரது ஊருக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த மான்பூண்டியா பிள்ளையும், அவர் மாணவராகிய தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வளர்த்த லய மரபு புதுக்கோட்டையின் பெயராலேயே அறியப்படுகிறது. கணக்கு அங்கே கல்வியாக இருந்தது. கேட்பவரும் கணக்கறிந்து தலையசைத்தனர். ஸ்பெஷல் நாடகம் இன்றும் உயிரோடிருக்கும் ஊர்களுள் புதுக்கோட்டையும் ஒன்று.

‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் கொன்னக்கோல் சொல்பவராகவும் ஒரே நேரத்தில் சின்னப்பாவே திரையில் தோன்றுவார். அதைப் படப்பிடிப்பின் விந்தையாகவே பலரும் நினைவுகூர்கின்றனர். எனக்கோ அது ஒரு தன்வரலாறு போலத் தோன்றுகிறது. சொற்கட்டுகளை அவர் உதிர்க்கும் தெளிவு, வேடம் போட்டதால் வந்ததன்று. அந்த ஊரில் வளர்ந்த ஒருவனுக்குத் தாளம் தாய்மொழி போன்றது.

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில், கிரந்த எழுத்தில் அமைந்த ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர் பலர் கொள்வர். சுரங்கள் நான்கு நான்காக வரிசைப்படுத்தி அதில் வெட்டப்பட்டுள்ளன. ருத்திராசாரியரின் மாணவனாகிய ஓர் அரசன், கற்போரின் நன்மைக்காக அதைச் செய்வித்தான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. காற்றில் கரையும் ஒலியைக் கல்லில் நிறுத்த முயன்ற மண் அது. ஆனால் கல்லில் நின்றது சுரம் மட்டுமே. பாடியவனின் குரல் நிற்கவில்லை. குரலை நிறுத்திவைக்க இசைத்தட்டும் ஒலிப்படமும் வரவேண்டியிருந்தது. அந்தப் புதுக்கருவிகளின் முன் சின்னப்பா எப்படி நின்றார் என்பதை இனிக் காண்போம்.

4. பதிவுக் கருவியின் முன்

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. பின்னணி பாடும் முறை 1938இல் ‘நந்தகுமார்’ படத்தின் வழியே தமிழுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடவேண்டும். வாத்தியக்காரர் படக்கருவியின் பார்வைக்குப் படாமல் ஒதுங்கி நின்று வாசிப்பர். முகபாவம், நடை, சுருதி, தாளம் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் காக்கவேண்டியிருந்தது. பாடத் தெரிந்த நடிகர்களைத் தேடித் தயாரிப்பாளர்கள் நாடக மேடைக்குச் சென்றது இதனால்தான்.

இசைத்தட்டு வேறொரு கட்டுப்பாட்டை விதித்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாட்டு அடங்கும். மேடையில் ரசிகர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கக் கேட்க அரைமணி நேரம் நீண்ட ஒரு பாட்டை, மூன்று நிமிடத்துக்குள் தொடங்கி முடிக்கவேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்னும் விவேகம் பாடகனுக்கு அப்போதுதான் வேண்டியதாயிற்று.

சின்னப்பா இவ்விவேகத்தை ஒரே நாளில் பெற்றுவிடவில்லை. ‘சந்திரகாந்தா’ ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலைத் தழுவியது. போலி மடாதிபதி ஒருவரின் வேடத்தைக் கலைப்பது. அதில் இளவரசனாக நடித்த சின்னப்பா முழுக்க முழுக்க மேடைக்காரராகவே இருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ‘யயாதி’ (1938), ‘மாத்ருபூமி’ (1939) முதலிய படங்களில் நடித்தும் நிலையான இடம் அவருக்குக் கிட்டவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘உத்தம புத்திரன்’ (1940) அவர் நிலையை மாற்றியது. தமிழ்த்திரையின் முதல் இரட்டை வேடப்படம் அது. நல்லவனையும் தீயவனையும் ஒரே உடலில் காட்டவேண்டியிருந்த அப்படம், ஒரே குரலுக்கு இரு மனநிலைகள் வேண்டும் என்பதையும் அவருக்குக் கற்றுத் தந்திருக்கவேண்டும்.

அடுத்த ஆண்டில் ‘ஆர்யமாலா’ (1941) வந்தது. சின்னப்பா அதில் காத்தவராயன். சாதியின் வேலியைக் கடந்து காதலித்ததற்காகக் கழுமரம் ஏறியவன் காத்தவராயன். நம் ஊர்களில் உடுக்கையடித்துப் பாடப்படும் தெய்வம். அரண்மனைக் கதைகளில் நடித்து வந்த ராஜபார்ட், மக்கள் தம் துயரைச் சொல்லி அழுகின்ற ஒரு கதைக்குள் நுழைந்தபோது அவரது குரலுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. கரடுமுரடு என்று பிறர் சொன்னது அங்கே உண்மையின் அடையாளமாயிற்று. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

5. ‘கண்ணகி’யின் இரு பாடல்கள்

இந்தத் தொடக்ககாலத்தின் உச்சம் என்று நான் மதிப்பது ‘கண்ணகி’ (1942) படத்தை. ஜூபிடர் நிறுவனத்தார் தயாரித்தது; வசனம் இளங்கோவன்; கண்ணகியாகப் பி. கண்ணாம்பா, கோவலனாகச் சின்னப்பா. இப்படத்தின் இரண்டு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்டால் அவரது கலையின் அகலம் விளங்கும்.

முதலாவது, கோவலனும் கண்ணகியும் இணைந்து பாடும் ‘சந்திரோதயம் இதிலே’. மணவாழ்வின் மகிழ்ச்சிப் பாட்டு. கண்ணாம்பா தெலுங்கு மேடையில் பயின்றவர். இருவர் குரலும் இயல்பில் வேறானவை. சின்னப்பா இங்கே தம் வலிமையைச் சற்றே அடக்கிக்கொள்கிறார். கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்ற பழைய கட்டாயம் தளர்ந்து, அருகிலிருக்கும் ஒருத்திக்குக் கேட்டால் போதும் என்ற புதிய உணர்வு தலைகாட்டுகிறது. மேடைப்பாடகன் ஒலிவாங்கியைக் கண்டுகொண்ட தருணம் இது.

இரண்டாவது, ‘பத்தினியே’ என்று தொடங்கும் பாடல். மனைவியை வியந்து கோவலன் பாடுவது. அந்த முதற்சொல்லின் இரட்டித்த தகரத்தைக் கவனியுங்கள். இனிமையை நாடும் பாடகர் வல்லொற்றை மெல்லத் தடவிவிட்டு உயிரெழுத்தில் போய் அமர்ந்துகொள்வர். சின்னப்பா அதை அழுத்திச் சொல்கிறார். சொல்லின் எலும்பு காதுக்குத் தட்டுப்படுகிறது. பிறகே நெடிலில் குரலை நீட்டுகிறார். சங்கதிகள் வருகின்றன, ஆனால் சொல்லை மறைத்து வருவதில்லை. நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று பழகிய உச்சரிப்பு, இங்கே ஒரு குற்றவாளியின் உச்சரிப்பாக மாறுகிறது. தான் சொல்வது எவர் காதுக்கும் தப்பிவிடக் கூடாது என்று துடிக்கும் ஒருவனின் பேச்சு அது.

இப்பாடலைக் கேட்கும் இறையியல் மாணவனுக்கு ஒரு வினா எழவேண்டும். அநீதி இழைத்தவன், இழைக்கப்பட்டவளின் கற்பைப் புகழ்ந்து பாடுகிறான். புகழ்ச்சி அறிக்கையிடுதலுக்கு ஈடாகுமா? ‘நான் செய்தேன்’ என்பதற்குப் பதிலாக ‘நீ உயர்ந்தவள்’ என்று சொல்வது, தன் கடனை அவளது பொறுமையின் கணக்கில் எழுதுவதாகாதா? பாடல் வரிகளுக்கு இக்கேள்வியைத் தாங்கும் வலு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் குரலுக்கு உண்டு. சொற்கள் அவளை உயர்த்தும்போது குரல் தன்னைத் தாழ்த்துகிறது. எழுதியவர் சொல்லாமல் விட்டதைப் பாடியவர் சொல்லிவிடுகிறார். இசைவிமரிசனம் பாட்டின் ஏட்டுப்பிரதியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே ஆண்டில் வந்த ‘மனோன்மணி’, பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகத்தைத் தழுவியது. அதில் டி. ஆர். ராஜகுமாரியோடு அவர் பாடிய ‘மோகனாங்க வதனி’ பெரும்புகழ் பெற்றது. நயமான பாட்டுதான், எனினும் ‘பத்தினியே’ பாடலில் கேட்கும் நெருக்கடி அதில் இல்லை.

6. குறைகளும் ஒப்பீடும்

சின்னப்பாவைக் குறித்துப் பேசுவோர் எம். கே. தியாகராஜ பாகவதரோடு அவரை ஒப்பிடாமல் விடுவதில்லை. அந்நாளில் இருவரின் ரசிகரும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 1934இல் ‘பவளக்கொடி’யோடு திரைக்கு வந்த பாகவதரின் குரல் பட்டு. பிர்க்காக்கள் முத்துப்போல் உருளும். அவ்வகையில் சின்னப்பா அவருக்கு ஈடல்லர், இதை மறைக்கவேண்டியதில்லை. உச்சத்தில் குரல் இறுகுகிறது. சில பாடல்களில் வித்தையைக் காட்டும் ஆசை சொல்லின் உணர்ச்சியை மிஞ்சிவிடுகிறது. இருகுரல் பாட்டுகள் சிலவற்றில் உடன்பாடும் பெண்ணின் குரலுக்கு இடம் குறைகிறது. மேடைப்பழக்கம் எளிதில் விடவில்லை.

ஆயினும் பாகவதர் எந்த வேடத்தில் பாடினாலும் பாகவதராகவே பாடினார். சின்னப்பாவோ கோவலனாகவும் காத்தவராயனாகவும் மாறிப் பாடினார். இனிமையை அளவுகோலாக வைத்தால் முதல்வர் வெல்வார். பாத்திரத்தின் உண்மையை அளவுகோலாக வைத்தால் தீர்ப்பு மாறும். எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டே அளக்கவேண்டும்.

கேட்போருக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்று இப்பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல; படச்சுருளினின்றும் தட்டினின்றும் படியெடுத்தபோது வேகம் கூடியும் குறைந்தும் போனதுண்டு. வேகம் கூடினால் சுருதியும் கூடும். கனத்த குரல் மெலிந்து ஒலிக்கும். ஆகவே ஒரே பாடலின் இரண்டு மூன்று படிகளைக் கேட்டபின்பே குரலைக் குறித்துக் கருத்துச் சொல்லவேண்டும். பிரதிகளை ஒப்புநோக்காமல் வசனத்துக்கு விளக்கம் கூறக் கூடாது என்று நம் வகுப்பறைகளில் கற்பிக்கிறோம் அல்லவா? அதே விதி இங்கும் பொருந்தும்.

7. தீர்ப்புச் சொல்லும் உரிமை

சின்னப்பா 1951ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் புதுக்கோட்டையில் மறைந்தார். ‘மங்கையர்க்கரசி’ (1949) படத்தின் ‘காதல் கனிரசமே’ ஊரெங்கும் ஒலித்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவர் ஈட்டிய பணத்தில் ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தார் என்றும், இனி வாங்கலாகாது என்று சமஸ்தானமே தடைவிதித்தது என்றும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. சிறுவயதில் கூலிக்குப் போன பிள்ளை, வளர்ந்தபின் வீடு வீடாக வாங்கினான் என்பதைப் பேராசை என்று மட்டும் கொள்ள என்னால் இயலவில்லை.

அவரைப் போலவே இளமையில் மடிந்த இன்னொருவர் ஹாங்கி டாங்க் பாட்டின் பெருஞ்சுடர் ஹாங்க் வில்லியம்ஸ் (1923–1953). 29 வயதில் இறந்த அவரது வாழ்விலும் குடியின் நிழல் நீண்டது. 1946 டிசம்பரில் அவர் முதன்முதல் பதிவு செய்த 4 பாடல்களுள் 3 சமயப் பாடல்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இதைக் கொண்டு அவரைப் பக்தர் என்று கூறுவோரும் உளர்; போலி என்று கூறுவோரும் உளர். இரு சாராரும் பாட்டைக் கேளாமல் பாடியவனுக்குத் தீர்ப்பளிக்க விரைகின்றனர். மனம் வருந்தும் பாட்டை ஒருவன் நன்றாகப் பாடினான் என்றால், அவன் மனம் வருந்தினான் என்று பொருளன்று. வருந்தவில்லை என்றும் பொருளன்று. பாடக் கற்றிருந்தான் என்பது ஒன்றே திண்ணம். அக்கல்வியை மதிப்பதே விமரிசகனின் முதற்கடமை.

நாடக மேடையை நாம் இழிவாகப் பேசுவதற்கும் நியாயம் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியபோது, ஆடிப்பாடும் நாடக வகையொன்றையே கையாண்டார். அம்முதியவரின் விரல்களுக்கு மேடையின் ஆர்மோனியமும் ஆலயத்தின் ஆர்மோனியமும் வேறல்ல. ஒரே கட்டைகளில் இரண்டையும் வாசித்தவர் அவர்.

மதுவின் கேட்டைக் குறித்துப் பேசலாகாது என்று நான் சொல்லவில்லை. அதனால் அழியும் குடும்பங்களை நாள்தோறும் காணும் நாம் பேசியே ஆகவேண்டும். ஆனால் ஒரு மனிதனின் கடைசி ஆண்டுகளைக் கொண்டு முதல் ஆண்டுகளை அழித்துவிடும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் குரல் இழந்து ஊர் திரும்பிய ஓர் இளைஞன், விடியலில் எழுந்து சுருதிப்பெட்டியின் முன் அமர்ந்து தன் தொண்டையைப் புதிதாகக் கட்டியதைச் சின்னப்பாவின் சாவு பொய்யாக்கிவிடாது. அந்த உழைப்பும் அவர் வரலாறே.

அச்சிற்றூருக்குச் சில ஆண்டுகளுக்குப்பின் மறுபடியும் சென்றேன். முதியவர் அப்போது இல்லை. ஆர்மோனியம் அதே உறைக்குள் இருந்தது. ஓர் இளைஞன் வாசித்தான். அன்றைய பிரசங்கத்தில், முன்பு இதே பீடத்திலிருந்து ஒரு பாடகரைக் குறித்து அவர் பாட்டைக் கேளாமல் பேசினேன் என்றும், இப்போது கேட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். பெரும்பாலோர்க்கு எதைச் சொல்கிறேன் என்று விளங்கியிராது. பின்வரிசையில் வயதான பெண்மணி ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.